யார் கைராசி?

"தம்பி, வீட்டில் அத்தி வளர்ப்பது எப்படின்னு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. இளைஞர்களுக்கு நல்ல பொழுதுபோக்கா இருக்கும்" என்று ஆசிரியர் குழுவிலிருந்து ஓர் அண்ணன் கேட்டார். சரி என்று உட்கார்ந்தேன். தொட்டி, மண், வெயில், தண்ணீர் என்று எழுதிக்கொண்டே போனேன். "வேர் வந்த பிறகே செடியைப் பிறருக்குக் கொடுங்கள்" என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த வரியை எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அதனால் இந்தக் கட்டுரை வளர்ப்புக் குறிப்பாகத் தொடங்கி வேறு இடத்துக்குப் போகும். அண்ணன் மன்னிக்கவும். குறிப்பு மட்டும் வேண்டியவர்கள் முதல் பாதியைப் படித்துவிட்டு எழுந்து போகலாம்.

நான் சாஆவைச் சேர்ந்தவன். ஜொகூர், சிகாமட் மாவட்டம். யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் பழைய சாலையில் வந்தால் எங்கள் ஊரைக் கடந்துதான் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் கடந்து போய்விடுகிறார்கள் என்பதும் உண்மை. சுற்றிலும் செம்பனை. என் அப்பாயி காலத்தில் ரப்பர். பாரிட் ராஜாவில் இயந்திரவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடுவேன், செடிகளுக்காகவே.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் ஐந்தாம் படிவம். பள்ளி இல்லை, கோயில் இல்லை, பந்து விளையாடவும் முடியாது. பக்கத்து வீட்டுப் பாக்சிக் பின்புறத்தில் பிளாஸ்டிக் கூரை போட்டு முப்பது தொட்டிகளில் ஒரு செடி வளர்த்து வந்தார். கை விரித்த மாதிரி இலை. மலாய்க்காரர்கள் அதை 'தீன்' மரம் என்பார்கள். குர்ஆனின் 95-ஆவது அத்தியாயத்துக்கு அந்தப் பழத்தின் பெயர்தான். நம் வீட்டில் துளசி மாடத்துப் பக்கம் போகும்போது அம்மாவின் நடை மாறுமே, பாக்சிக்கும் அந்தத் தொட்டிகளிடம் அப்படித்தான் இருப்பார். ஒரு நாள் வேலிக்கு மேலே மூன்று குச்சிகளை நீட்டினார். அப்படி ஆரம்பித்ததுதான்.

அது நம்முடைய நாட்டு அத்தி அல்ல. நாட்டு அத்தி பெரிய மரம். அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பாக்சிக் கொடுத்தது சீமை அத்தி. உலர்த்திப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அந்தப் பழம். இலைக்கு ஒன்று என்று கணுவில் காய் வைக்கும். இரண்டும் ஒரே குடும்பம். ஆல், அரசு, இத்தி எல்லாமே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். உலகத்தில் எழுநூறு வகைக்கு மேல் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

சீமை அத்தி வறண்ட நாட்டு மரம். நம் ஊர் மழைதான் அதற்கு முதல் எதிரி. தினமும் இலை நனைந்தால் இலையின் அடியில் துரு மாதிரி ஆரஞ்சு நிறப் பொடி படியும், பிறகு மொத்த இலையும் கொட்டிவிடும். அதனால் வெயில் உள்ளே வருகிற, மழை வராத கூரை வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது கிடைக்க வேண்டும். மண்ணில் மணலும் சுட்ட உமியும் தாராளமாகக் கலந்தால் தண்ணீர் தேங்காது. பனிக்காலம் இல்லாத ஊர் என்பதால் செடிக்கு ஓய்வே கிடையாது, வருஷம் முழுக்க வளரும். நாம்தான் வெட்டி ஒடுக்க வேண்டும். புதுத்தளிரில்தான் காய் வரும். வகைகளில் பி.டி.எம். 6, மசுய் டோஃபின் இரண்டும் புதியவர்களுக்கு நல்லவை. வெட்டும்போது வரும் பால் தோலில் பட்டால் அரிக்கும், வெயில் சேர்ந்தால் கொப்பளித்தே விடும். கையுறை போடுங்கள். நான் முதலில் வெட்டியதைப் பார்த்த அப்பாயி, "இதுக்கும் பால் வருதா!" என்று விரலால் தொட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் பால் வெட்டிய விரல்.

காய் வந்த பிறகு கொஞ்ச நாள் சடசடவென்று பெருக்கும். அப்புறம் நின்றுவிடும். வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. புதியவர்கள் இந்த இடத்தில்தான் உரத்தைக் கொட்டிச் செடியைக் கெடுப்பார்கள். சும்மா இருங்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் காய் இரண்டு மடங்காகி, தலை தொங்கி, நிறம் மாறியிருக்கும். பறித்தபின் பழுக்கிற பழம் இல்லை இது, மரத்திலேயே பழுக்க வேண்டும். கொண்டைக்குருவிக்கும் அது தெரியும், அதனால் வலைப்பை கட்டுங்கள்.

"எப்போதாவதுதான் வருகிறான்" என்பதற்கு அத்தி பூத்த மாதிரி என்கிறோம் இல்லையா? அத்தி பூக்காமல் இல்லை. நாம் காய் என்று சொல்கிற பச்சை உருண்டைக்குள்தான் அத்தனை பூவும் உள்ளே பார்த்தபடி இருக்கிறது. நறுக்கிப் பாருங்கள், இழை இழையாகத் தெரிவதெல்லாம் பூதான். நண்பர்கள் உடனே கேட்பார்கள்: "அத்திப்பழத்துக்குள்ளே குளவி செத்துக் கிடக்குமாமே, அப்ப அது சைவமா?" சில வகைகளில் மகரந்தச் சேர்க்கைக்காகச் சின்னக் குளவி உள்ளே நுழைந்து அங்கேயே இறப்பது உண்மைதான். ஆனால் நாம் தொட்டியில் வளர்க்கும் வகைகளுக்குச் சேர்க்கையே தேவையில்லை. அந்தக் குளவியும் நம் நாட்டில் கிடையாது. தைரியமாகச் சாப்பிடலாம். இந்தக் குளவிக்காக அந்த வருஷம் நண்பர்கள் குழுவில் நான் நள்ளிரவு வரை அகிம்சை பேசியிருக்கிறேன். குளவியின் துன்பத்தைப் பற்றி அவ்வளவு பேசியவன்தான் பிறகு செய்ததையும் செய்தவன்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தியைக் குச்சியிலிருந்தே உண்டாக்கலாம். பென்சில் தடிமனில் மூன்று நான்கு கணு உள்ள குச்சியை வெட்டி, பால் காய விட்டு, ஈரமான தேங்காய் நார்த்தூளில் குத்தி நிழலில் வைக்க வேண்டும். ஈரம் என்றால் பிழிந்தால் சொட்டாத ஈரம். பத்துப் பதினைந்து நாளில் நுனியில் பச்சை விடும். இலை விரியும். ஒன்று, இரண்டு, மூன்று. முதன்முதலாகச் செய்பவருக்கு அன்றைக்குத் தீபாவளிதான். "பிடிச்சிருச்சு!" என்று கத்தியிருக்கிறேன்.

ஆனால் அது பிடித்த அடையாளம் இல்லை. பாக்சிக் முதலில் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான். அந்த இலை குச்சிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சத்தில் வருகிற இலை. என் படிப்புக் கணக்கில் சொன்னால், சார்ஜ் போட்ட பேட்டரியில் எரிகிற விளக்கு. மின்சாரம் வரும் கம்பி இன்னும் இழுக்கவே இல்லை. வேர் வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் இலை குடிக்கிற தண்ணீருக்கு வேர் ஈடு கொடுக்காவிட்டால் சத்து தீர்ந்து, பார்ப்பதற்கு நன்றாகவே இருந்த செடி ஒரு வாரத்தில் கருகிவிடும். அதனால் பாக்சிக் குச்சிகளை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கோப்பையில்தான் வைப்பார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, வெள்ளை வேர் கோப்பைச் சுவரைத் தொட்டு வளைந்திருந்தால் மட்டும் பெரிய பைக்கு மாற்றுவார். வேர் தெரியாமல் யாருக்கும் கொடுக்காதே என்பது அவருடைய ஒரே சட்டம்.

2021-இல் தள்ளிப்போன எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்தேன். மடிக்கணினி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். செடி ஒன்று இருபது வெள்ளி என்று விற்றேன், நன்றாகவே போயிற்று. எங்கள் தாமானில் கடைசி வீட்டுப் பாட்டி ஒரு மாலை வந்தார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதரை நாற்பது வருஷத்துக்கு ஒரு முறைதான் வெளியே எடுப்பார்கள். 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை நாற்பத்தெட்டு நாள் தரிசனம் நடந்ததே, நினைவிருக்கும். பாட்டி அதையெல்லாம் பேத்தியின் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அடுத்த முறை 2059. "அதுக்குள்ள நான் எங்க இருக்கேனோ. சாமி உருவம் செஞ்ச மரம், அது வீட்டுல ஒண்ணு இருந்தா போதும் தம்பி" என்றார். பிறகு கேட்டார்: "இது அந்த அத்திவரதர் அத்திதானே?"

அத்திவரதர் நாட்டு அத்தியால் ஆனவர். என் தொட்டியில் இருந்தது சீமை அத்தி. நான் சொன்னேன்: "அத்திதான் பாட்டி."

வேர்விட்ட செடிகள் அன்றைக்குத் தீர்ந்துவிட்டிருந்தன. கோப்பையில் பதினெட்டு நாளான குச்சிகள் இருந்தன, மூன்று இலையோடு, கண்ணுக்கு அழகாக. தூக்கிப் பார்த்தேன். வேர் இல்லை. உள்ளே போய் ஒன்றைக் கறுப்புப் பைக்கு மாற்றி, மேலே மண்ணைத் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். கறுப்புப் பையில் வேர் தெரியாது. தெரிந்தேதான் மாற்றினேன். இதை எழுதும்போதுகூட "அவசரத்தில்" என்று ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தேன். அவசரம் எதுவும் இல்லை. அடித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பாட்டி அதே பையோடு வந்தார். இலையெல்லாம் கருகி உதிர்ந்திருந்தது. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து வயிற்றைக் கலக்கியது. அவர் சண்டைக்கு வரவில்லை. "காஞ்சிருச்சு தம்பி. உன்ன ஒண்ணும் சொல்லல. என் கைராசி அப்படி. சின்ன வயசுலயே எங்கம்மா சொல்வாங்க, நீ தொட்டா வெளங்காதுன்னு. சாமி செடிய வெச்சும் தங்கல பாரு" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே நான் குச்சியைப் பிடித்து இழுத்தேன். ஊதுபத்திக் கிண்ணத்துச் சாம்பலிலிருந்து குச்சியை உருவுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அடி கறுத்து, ஒரு வேர்கூட இல்லை. பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தலையாட்டல் பொய்யா? நம் சமய வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் முதலில் தருமரைத்தான் இழுப்போம். அசுவத்தாமன் என்ற யானை இறந்தது உண்மை. துரோணர் காதில் மகன் இறந்தான் என்று விழ வேண்டும் என்பதற்காக அந்த உண்மை சொல்லப்பட்டது. அதுவரை தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் தரையில் இறங்கியது என்று பாரதம் சொல்கிறது. என்னுடைய "அத்திதான் பாட்டி"யும் அந்த யானைதான். தாவரவியல் ஆசிரியரிடம் அதைச் சொன்னால் முழு மதிப்பெண். பாட்டியிடம் சொன்னபோது மோசடி. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில், சொன்னது நடந்ததோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதை விட, அதனால் யாருக்காவது தீமை விளைகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார். மனசுக்குத் தெரிந்தே பொய் சொன்னவனை அவன் மனசே சுடும் என்றும் சொல்கிறார். சுட்டதா என்று கேட்டால், உண்மையைச் சொல்லணும்னா, பெரிதாகச் சுடவில்லை. இரண்டு வருஷம் நன்றாகவே தூங்கினேன். மடிக்கணினியும் வாங்கினேன்.

தருமர் வாய் திறந்தாவது சொன்னார். நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். பழியை என் தலையிலிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது பாட்டியேதான். நான் செய்ததெல்லாம் அதைத் தடுக்காமல் நின்றது. அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது: "நானா கைராசின்னு சொன்னேன்? அவங்களாதானே சொன்னாங்க."

2023 ஆடித் திருவிழாவுக்கு எங்கள் மாரியம்மன் கோயிலில் முளைப்பாரி எடுக்க முடிவு செய்தார்கள். நாங்கள் பையன்கள் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தோம். பெண்கள் தானியம் ஊறவைத்து, சட்டியில் எரு நிரப்பி, மூத்தவர் கையால் முதல் பிடி தூவட்டும் என்று கடைசி வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டார்கள். அவர்தான் அங்கே வயதில் மூத்தவர். பாட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கை வேணாம்மா. அத்திச் செடியே தங்காத கை. அம்மனுக்கு எடுக்குறது, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப் போகுது" என்றார். யாரோ சிரித்தார்கள், யாரோ வற்புறுத்தினார்கள். அவர் தூணோரம் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் சில விஷயங்கள் காதில் விழுந்தன. இரண்டு வருஷமாக வீட்டு வாசலில் மிளகாய், கத்தரி எதுவும் அவர் நடுவதில்லையாம். பேத்திதான் நடுகிறாளாம். நான் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் பேசவில்லை.

இதைப் படிக்கும் நம்மில் பலர் இப்போது நினைப்பது எனக்குத் தெரியும். கைராசி என்பது மூடநம்பிக்கை, பாட்டிக்கு அதை விளக்கியிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். போய் ஒரு வகுப்பு எடுக்கலாம் என்றுகூடத் தயாரானேன். யோசித்தால் அது இன்னும் மோசம். அவர் நம்பிக்கை தவறு என்று காட்டினால் குற்றம் மறுபடியும் அவரிடம்தான் போகிறது. முன்பு ராசி இல்லாத கை, இப்போது அறிவு இல்லாத தலை. கறுப்புப் பை அப்படியே கறுப்பாக இருக்கும்.

வகுப்பில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், இயந்திரம் பழுதான கதைகளை அலசச் சொல்லும்போது, "இயக்கியவரின் தவறு" என்று முடித்துவிடும் அறிக்கையை வாங்கவே மாட்டார். அவர் தவறு செய்திருந்தாலும், செய்யும்படியாக அந்தப் பொறியை வடிவமைத்தது யார், தெரிந்தும் அனுப்பியது யார் என்று எழுதிக்கொண்டு வா என்பார். நம் வீடுகளில் 'கர்மா' என்ற சொல் பல சமயம் அந்த மாதிரி சோம்பேறி அறிக்கையாகத்தான் பயன்படுகிறது. தத்துவத்தைக் குறை சொல்லவில்லை. தத்துவம் அதைச் சொல்லவே இல்லை என்பதுதான் என் கட்சி.

சைவ சித்தாந்தத்தில் வினையை மூன்றாகப் படித்திருக்கிறோம். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரப்தம். இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது மூன்று பெயர்கள், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் அவற்றை வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்தச் செடி கருகியது பாட்டியின் கணக்கில் பிராரப்தமாகவே இருக்கட்டும். அதே நிகழ்ச்சி என் கணக்கில் ஆகாமியம். ஒரே கருகிய குச்சி, இரண்டு புத்தகத்தில் இரண்டு பதிவு. பாட்டி தன் புத்தகத்தைத் திறந்து படித்து, "எனக்கு வர வேண்டியது வந்தது" என்று சொன்னால் அது பக்குவம். அவர் புத்தகத்தை நான் எட்டிப் பார்த்து, "ஆமாம் பாட்டி, உங்களுக்கு வர வேண்டியதுதான்" என்று தலையாட்டினால் அது அயோக்கியத்தனம். வினைக் கொள்கை தன்னைப் பார்க்கிற கண்ணாடி. அதை அடுத்தவர் பக்கம் திருப்புகிற நொடியில், செய்தவன் ஒளிந்துகொள்கிற திரையாகிவிடுகிறது. பக்தி அதிகமுள்ளவர்களிடம்தான் இந்தத் திரை நன்றாக வேலை செய்யும் என்பது கொடுமை. பாட்டிக்கு நம்பிக்கை இல்லாமலிருந்தால் அன்றைக்கே என் சட்டையைப் பிடித்திருப்பார்.

இது ஒரு குச்சி விவகாரம் மட்டுமா என்று அப்பாயியின் பேச்சைக் கேட்டால் சந்தேகம் வருகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் இடிந்தது, தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தது, எதைக் கேட்டாலும் "நம்ம தலையெழுத்து" என்பார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அந்த வார்த்தையை அவர் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் விஷயம் தெரிந்த யாரோ ஒருவர் நின்று தலையாட்டியிருப்பார் இல்லையா? சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில் எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முனைந்தார். அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தவர்களும் சாமி கும்பிட்டவர்கள்தான், விதியை நம்பியவர்கள்தான். பால் வெட்டுகிற கைக்கும் நிலம் தங்கும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எப்படிச் சரி செய்வது என்பதில் ரொம்ப நாள் குழம்பினேன். விடுதி நண்பன் சொன்னான்: "பழசக் கிளறாத. நல்லா வேர்விட்ட செடி ஒண்ணக் கொண்டு போய்க் குடுத்துடு. அவங்களுக்கும் சந்தோஷம், உனக்கும் கணக்குத் தீரும்." ஏறக்குறைய அப்படியே செய்துவிட இருந்தேன். பிறகு அடுத்து என்ன நடக்கும் என்று ஓட்டிப் பார்த்தேன். செடி பிழைக்கும். பாட்டி என்ன சொல்வார்? "இது தம்பி கைராசி" என்பார்! அவர் கை கெட்ட கையாகவே இருக்கும், என் கைக்குப் புகழ் சேரும். செய்த தவறுக்கு வட்டியும் வாங்கிக்கொண்ட மாதிரி ஆகும்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. போய்ச் சொல்வது அவருக்காகவா, என் பாரத்தை இறக்கவா? நான்கு வருஷத்துக்கு முந்திய இருபது வெள்ளிக்கு எழுபது வயதுப் பாட்டியை உட்கார வைத்து என்னை மன்னிக்கச் சொல்வது, அவரிடமே இன்னொரு வேலை வாங்குவது இல்லையா? இதற்கு எனக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கக் கூடாது. நடந்ததைச் சொல்ல வேண்டும், குச்சியில் வேர் இல்லை என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும், அவர் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் போனேன். இரண்டு கோப்பை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் இருபது நாள் குச்சி, மூன்று இலை, வேர் இல்லை. இன்னொன்று இரண்டு மாதக் குச்சி, சுவரெல்லாம் வேர். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேத்தியும் இருந்தாள், அதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "அன்னைக்கு உங்களுக்குக் கொடுத்தது இந்த மாதிரி பாட்டி. தெரிஞ்சேதான் கொடுத்தேன். யார் வெச்சிருந்தாலும் செத்திருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்ப கேட்டப்ப ஏன்டா தலைய ஆட்டுன?" என்றார். கண் சரியாகத் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அத்திவரதர் அத்தி இல்லை என்பதையும் சொன்னேன். அதற்குத்தான் அவருக்கு நிஜமாகக் கோபம் வந்தது. "அப்ப நான் மூணு வாரம் விளக்கு வெச்சுக் கும்பிட்டது எத?" என்றார். பேத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "அதுவும் அத்திக் குடும்பம்தான் பாட்டி" என்று வாய் வரைக்கும் வந்தது. இந்த முறை விழுங்கிக்கொண்டேன்.

இருபது வெள்ளியைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். நோட்டைத் தடவிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். வேர்விட்ட கோப்பையை நான் எடுக்கப் போனபோது, "அது இருக்கட்டும், அங்க வெச்சிட்டுப் போ" என்றார். கொஞ்சம் பெரிய தொட்டியும் மண்ணும் கொண்டுவந்து நட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "நீ தொடாத. நான் வெச்சுக்கிறேன்" என்றார்.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் சைக்கிளில் போனேன். பழைய பெயிண்ட் வாளியில், மழை படாத ஓரத்தில், செடி நின்றது. புதிதாக ஓர் இலை விட்டிருந்தது. ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்த வருஷம் முளைப்பாரிக்குக் கை வைப்பீங்களா பாட்டி என்று வேலிக்கு வெளியே நின்றே கேட்டேன்.

"அது உனக்கெதுக்கு?" என்றார்.